ஊர்ப்பெயர் தாங்கிய வெண்கலக் காசுகள்

பழங்காசு திரட்டுதல் அறிவுக்கு விருந்தாகும் பொழுதுபோக்கு. பொன்னும் வெள்ளியும் செல்வர்க்கே எட்டுவன. மாதச் சம்பளத்தில் காலந்தள்ளும் நம்மனோர் கருத்துச் செலுத்தத் தக்கவை செம்பும் வெண்கலமுமே. அவற்றுள் பண்டைக் கிரேக்க நகரங்கள் வெளியிட்ட வெண்கலக் காசுகளைப் பற்றி இத்திங்கள் சில சொல்ல விழைகிறோம்.

பண்டைக் கிரேக்கம் ஒரே அரசின்கீழ் அமைந்த நாடன்று. பல நகரங்கள் தனித்தனியே ஆட்சி நடத்தின. தனித்தனியே காசும் அடித்தன. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டுச் சில்லறைத் தேவைக்கு வெண்கலக் காசு பெருகிற்று. வில்லையை இரு அச்சுகளுக்கிடையே வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பதே முறை. ஏதென்சுக்கு ஆந்தை, எபேசுவுக்குத் தேனீ, கொரிந்துக்குச் சிறகுடைய குதிரை என ஊருக்கொரு சின்னம் உண்டு. ரோட்சுத் தீவின் சின்னம் ரோசா மலர். கிரேக்க மொழியில் அம்மலரின் பெயரும் தீவின் பெயரும் ஒலியால் ஒத்தவை. எழுத்திலும் ஒரு சிறப்பைக் காணலாம். பல காசுகளில் மன்னன் பெயர் இராது. 'இன்ன ஊர் மக்களுடையது' என்ற பொருள்படும் சொல்லே இருக்கும்.

காசில் சின்னமும் தெய்வமும் பொறிப்பது நமக்குப் புதிதன்று. சேரர் வில்லையும் பாண்டியர் கயலையும் பொறித்தனர். நம் திருப்பதிக்கு அருகிலுள்ள சந்திரகிரியில் வீற்றிருந்த இரண்டாம் வேங்கடபதி ராயர் (1586-1614) தம் பொற்காசில் வேங்கடவனின் திருவுருவையே பொறித்தார்.

இனி, வியப்பான செய்திக்கு வருவோம். கடல்கடந்த கிரேக்கக் காசு நம் தமிழ் மண்ணிலேயே கிடைத்துள்ளது! கரூரில் அமராவதி ஆற்றுப்படுகை பழங்காசுகளுக்குப் பெயர்பெற்ற இடம். அங்குக் கிடைத்த திரேசு, தெசலி, கிரீட்டு, ரோட்சு முதலிய இடங்களின் காசுகளை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஆராய்ந்தார். கரூரில் கிடைத்த உரோமரல்லாத அயல்நாட்டுக் காசுகளைப் பற்றி 2000இல் ஆங்கிலத்தில் தனி நூலே வெளியிட்டார். 2021இல் மறைந்த அப்பெரியார் தினமலர் இதழின் ஆசிரியராகவும் விளங்கியவர். யவனர் வாணிகத்தை இலக்கியத்தில் மட்டும் கண்டு மகிழ்ந்த நமக்கு இக்காசுகள் கைக்கெட்டும் சான்றுகள்.

இங்கேதான் திரட்டுவோரின் பொறுப்புத் தொடங்குகிறது. இரயில் பயணச்சீட்டில் புறப்படும் ஊரும் சேரும் ஊரும் அச்சிடப்பட்டிருக்கும். காசிலோ புறப்பட்ட ஊர் மட்டுமே உண்டு. அது வந்து சேர்ந்த ஊரை நாம்தாம் எழுதிவைத்தல் வேண்டும். ரோட்சுக் காசு ரோட்சில் கிடைத்தால் வியப்பில்லை. கரூரில் கிடைத்தால் வரலாறு. கிடைத்த இடத்தின் குறிப்பை இழந்துவிட்டால் அக்காசு அழகிய உலோகத் துண்டாக எஞ்சுமேயன்றி, நம் முன்னோரைப் பற்றி ஒன்றும் பேசாது. ஆகவே ஒவ்வொரு காசையும் தனி உறையிலிட்டு, எடை, அளவு, கிடைத்த இடம், பெற்ற நாள், கொடுத்தவர் ஆகியவற்றை உடனே எழுதுக.

புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கல் ஆகவே ஆகாது. குத்துவிளக்குக்கு உகந்தது பழங்காசுக்குப் பகை. வழவழப்பாகப் படிந்த பச்சைக் களிம்பு காசைக் காக்கும் போர்வை. வெளிர்பச்சைப் பொடியாக உதிர்வது மட்டும் நோய். அத்தகைய காசைப் பிரித்து ஈரம் படாது வைக்க வேண்டும்.

போலிகளிடம் விழிப்புத் தேவை. வார்ப்புப் போலியின் விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு தென்படுவதுண்டு. '1818, கிழக்கிந்தியக் கம்பெனி' என்று பொறித்த இராமர் பட்டாபிஷேகக் காசு யாத்திரிகரிடம் பெருவிலைக்கு விற்கப்படுவதுண்டு. கம்பெனியார் அத்தகைய காசை வெளியிட்டதே இல்லை.

சட்டத்தையும் அறிந்துகொள்க. மண்ணுள் கிடைத்த புதையல் பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்படின் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். நூறாண்டு கடந்த காசு தொல்பொருள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அதனைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புதல் கூடாது. அயல்நாட்டில் வாழும் பிள்ளைகளுக்குத் தபாலில் பரிசாக அனுப்பலாம் என்று எண்ணுவோர் இதனைக் கருத்தில் கொள்க.

கிரேக்கக் காசு எல்லார்க்கும் கிட்டாது. ஆயின் ஆர்க்காட்டிலிருந்தும் வேலூரிலிருந்தும் சித்தூருக்கும் திருப்பதிக்கும் குடிவந்த நம் இல்லங்களில், பாட்டியின் சுருக்குப்பையில் காலணாவும் தம்பிடியும் உறங்கக்கூடும். அவற்றைப் பழைய பித்தளையோடு எடைக்குப் போடாதீர்கள். எந்த ஊரிலிருந்து யார் கொண்டுவந்தது என்று மூத்தோரைக் கேட்டு இன்றே எழுதிவையுங்கள். காசு காத்திருக்கும், சொல்வோர் நெடுநாள் இரார்.