தன் சம்பளத்தை வெட்டிய தலைவர்

நின்டெண்டோவின் வீ கேம் கன்சோல் 10 கோடிக்கு மேல் விற்றது. அடுத்து வந்த வீ யூ? மொத்தமே 1.36 கோடிதான்! 2014 ஜனவரியில் அந்த நிதியாண்டுக்கான வீ யூ கணிப்பை 90 லட்சத்திலிருந்து 28 லட்சமாகக் குறைத்தார்கள். (கணிப்பா, கனவா?)

தொடர்ந்து மூன்றாவது வருடமும் செயல்பாட்டு நஷ்டம். தலைவர் சடோரு இவாட்டாவோ ஆட்களைக் குறைக்கவில்லை; ஐந்து மாதம் தன் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். வேலை போகுமோ என்ற பயத்தோடு நல்ல கேம் செய்ய முடியாது என்பது அவர் கட்சி.

2013 பங்குதாரர் கூட்டத்தில் அவருக்கு 77 சதவீத ஆதரவு. 2014இல் 80! வீ யூ அவர் காலத்துச் சறுக்கல்தான், மறுப்பதற்கில்லை. ஆனாலும் பங்குதாரர்கள் ஏமாளிகள் இல்லை. அடுத்த கன்சோலைச் செய்யவேண்டிய ஆட்களை அனுப்பிவிட்டு லாபம் காட்டுவதில் என்ன புண்ணியம்?

இவாட்டா 2015 ஜூலையில் காலமானார். அவர் காலத்தில் தொடங்கிய ஸ்விட்ச் 2017இல் வந்தது. 15 கோடியைத் தாண்டி விற்றது.