சிறு வீடுகளின் சூரிய மின்சாரமும் மைக்ரோ இன்வெர்ட்டரும்

2024-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் மத்திய சர்க்கார் தொடங்கிய திட்டத்தின்படி, வீட்டுக் கூரைமேல் 3 கிலோவாட் சூரிய மின்சாதனம் அமைப்போருக்கு 78,000 ரூபாய் உதவித்தொகை என்று ஏற்பட்ட பின், கிராமங்களிலும் இதில் சிரத்தை பெருகியிருக்கிறது. இவர்களிடம் வியாபாரிகள் சிலர் சிபாரிசு செய்யும் மைக்ரோ இன்வெர்ட்டரை வாங்குவது உசிதமா என்பது பற்றி எமது அபிப்பிராயத்தைக் கூறுவோம்.

சூரியப் பலகையில் உண்டாவது நேர் மின்சாரம். வீட்டு விளக்கும் விசிறியும் ஏற்பதோ 230 வோல்ட் மாறு மின்சாரம். வழக்கமான முறையில் பலகைகளைச் சங்கிலிபோல் தொடுத்து, சுவரில் மாட்டிய ஒரே இன்வெர்ட்டரில் மாற்றிக் கொள்வார்கள். மைக்ரோ முறையில் ஒவ்வொரு பலகையின் அடியிலும் ஒரு சிறு கருவி பொருத்தப்பட்டு, மாற்றம் அங்கேயே நடைபெறும். இதற்குச் செலவு அதிகம்.

தென்னை, வேம்பு, தண்ணீர்த் தொட்டி இவற்றின் நிழல் சிறிதும் படாத கூரை கிராமத்தில் அரிது. சங்கிலியில் ஒரு பலகைமேல் நிழல் விழுந்தால் மின்சாரம் முழுவதும் நின்றுவிடும் என்று வியாபாரிகள் சொல்வது மிகைக் கூற்று. பலகையினுள் இருக்கும் டயோடுகள், நிழல் பட்ட பாகத்தை விலக்கி மின்சாரத்தை அப்பால் செலுத்திவிடும். ஆனால் இந்த ஆறுதல் பத்துப் பன்னிரண்டு பலகை உடையவருக்கே பொருந்தும். ஒரு பலகை தருவது சுமார் 40 வோல்ட். நான்கே பலகை உடையவருக்கு மொத்தம் 160 வோல்ட். காலையில் தென்னை நிழல் இரண்டை மூடினால், எஞ்சிய 80 வோல்ட்டைக் கொண்டு பல இன்வெர்ட்டர்கள் தொடங்கவே மாட்டா. ஆகவே நிழலால் அதிக நஷ்டம் அடைபவர் சிறு சாதனக்காரரே. மைக்ரோ கருவிக்குக் கொடுக்கும் அதிக விலை இவருக்குத்தான் பிரயோஜனப்படும். கிழக்கும் மேற்கும் சரிந்த ஓட்டு வீட்டுக்கும் இது பொருந்தும். மரத்தை வெட்டிவிட்டால் தீர்ந்தது என்பாரும் உளர். காய்க்கிற தென்னையைப் பலகைக்காக வெட்டுவது எமக்குச் சம்மதமன்று.

நிழலற்ற மெத்தை வீட்டுக்காரர் இதற்குப் பணம் செலவிடுவது வீண். மேலும், வெயிலில் காயும் பலகையின் அடியில் கருவி வருஷக்கணக்கில் சூட்டிலேயே கிடக்க வேண்டும். பழுதானால் கூரைமேல் ஏறிப் பலகையைக் கழற்ற வேண்டும். சுவரில் உள்ளதை நின்றபடியே பார்க்கலாம்.

மின்வெட்டு நேரத்தில் விளக்கெரியும் என்று நம்பி வாங்குவோர்தான் பெரிதும் ஏமாறுகிறார்கள். பாட்டரி இல்லாத இவ்விரு முறைகளிலும், தெருக் கம்பியில் மின்சாரம் நின்றவுடன் சாதனமும் தானே நின்றுவிடும். இல்லையேல் கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிருக்கு அபாயம். வெளி மின்சாரமின்றியும் இயங்கக்கூடிய புதுவகைக் கருவிகள் சில உண்டாயினும், அவற்றிற்கு வேறு உபகரணங்களும் தேவை. அவற்றின் விலையையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன், காலை 9 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் கூரைமேல் விழும் நிழலைக் குறித்துக் கொள்வது அவசியம். வீட்டுக்குத் தெற்கே மரமிருந்தால் மார்கழியிலும் ஒருமுறை பார்க்க வேண்டும். அப்பொழுதுதான் அதன் நிழல் மிக நீண்டு விழும்.