வீட்டு விலாசம் என்ன சார்?

சோவியத் யூனியன் உடைந்தபோது மிச்சமிருந்த அணுகுண்டுகளைச் செயலிழக்க வைக்க வழி பண்ணிய மனுஷன் ஒருவர். அவரைப் போய் ‘உங்க வீடு எங்க சார்?’ என்று கேட்டு மடக்க முடியுமோ?

மடக்கினார்கள்!

பெயர் ரிச்சர்ட் லூகர். அமெரிக்காவின் இண்டியானா மாநில செனட்டர். 1976-ல் பதினெட்டு வருஷ செனட்டர் ஒருவரைச் சாய்த்துவிட்டு உள்ளே வந்தவர். அப்புறம் அசைக்கவே முடியவில்லை. 2006-ல் பிரதான எதிர்க்கட்சி ஆளே நிறுத்தவில்லை. 87 சதவீத ஓட்டு. 1991-ல் எதிர்க்கட்சியின் சாம் நன்னோடு சேர்ந்து இவர் கொண்டுவந்த திட்டத்தால் 7,000-க்கும் மேல் அணுகுண்டுகள் காலி.

2012-ல் வந்தது வினை. அங்கே சீட்டு கொடுப்பது மேலிடம் இல்லை. கட்சிக்குள்ளேயே ஒரு தேர்தல் வைப்பார்கள். எதிர்த்து நின்றவர் மாநிலப் பொருளாளர் ரிச்சர்ட் மர்டாக். (இவரும் ரிச்சர்ட்!)

லூகர் ஓட்டர் லிஸ்ட்டில் கொடுத்திருந்த வீடு, அவர் 1977-லேயே விற்றுவிட்ட வீடு. குடித்தனம் வாஷிங்டன் பக்கம். ‘சட்டம் அனுமதிக்கிறது’ என்றார். மார்ச் மாதம் தேர்தல் வாரியம் ‘செல்லாது’ என்றது. அவசரமாகக் குடும்பப் பண்ணையின் விலாசத்துக்கு மாறினார்.

எதிர்க்கட்சியோடு குலாவுகிறார், ஒபாமா சொன்ன நீதிபதிகளுக்கு ஓட்டுப் போட்டார் என்று கட்சிக்காரர்களுக்கு ஏற்கெனவே புகைச்சல். விற்ற வீடு அதில் எண்ணெய் ஊற்றியது. மே 8-ம் தேதி மர்டாக்குக்கு 60 சதவீதம். எண்பது வயது லூகர் அவுட்.

பி.காம். படித்த புத்தி எனக்கு. கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஹெட் ஆபீஸில் எத்தனை பெயர் வாங்கினாலும், ஆளை அனுப்பிய கிளைக்கு முகம் மறந்துபோனால் இன்க்ரிமென்ட் கிடையாது. லூகர் பக்கம் இது பற்று.

மர்டாக் கணக்கைப் பாருங்கள். ஒத்துப்போவது என்றால் எதிர்க்கட்சிக்காரன் நம் வழிக்கு வருவதுதான் என்றார் ஜெயித்த கையோடு. அக்டோபர் விவாதத்தில், பலாத்காரத்தால் கரு உண்டானாலும் அது கடவுள் சித்தம் என்கிற மாதிரி பேசிவைத்தார். மாநிலமே முகம் சுளித்தது. நவம்பரில் எதிர்க்கட்சியின் ஜோ டானலி ஜெயித்தார். முப்பத்தாறு வருஷமாகக் கட்சி கையில் இருந்த இடம் போயே போச்சு!

லூகருக்கு 2013-ல் நாட்டின் உயரிய சிவிலியன் விருது. கொடுத்தவர் அதே ஒபாமா.

சீனியரைத் தூக்கத் துடிக்கும் தம்பிகளே, தூக்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் நாற்காலியைப் பிடுங்குவது ஒரு வேலை. அதில் உட்காருவது வேறு வேலை. மர்டாக்குக்கு முதல் வேலைதான் தெரிந்திருந்தது.