நாஞ்சில் நாட்டு உணவுக்கு நாகர்கோவிலில் ஓர் உணவகம்!

ஓர் இனத்தின்மேல் பிறர் ஆட்சி செலுத்த முற்படுங்கால், அவ்வினத்தின் மொழியிலேயே முதலில் கைவைப்பர் என்பதைத் தமிழன்பர்க்கு எடுத்துக் கூற வேண்டுவதில்லை. ஆனால், அந்தக் கை அடுத்துச் சென்று விழும் இடம் உண்கலமே என்பதைத் தமிழன்பருள்ளும் பலர் எண்ணிப் பார்த்திலர். சோறு 'சாதம்' ஆயிற்று. சாறு 'ரசம்' ஆயிற்று. கலத்தில் இருந்த பண்டம் மாறவில்லை, பெயர்தான் மாறிற்று. எனினும், பெயர் மாறிய அன்றே, 'சோறு' என்பவன் நாட்டுப்புறத்தான் என்றும் 'சாதம்' என்பவன் நாகரிகமுடையான் என்றும் ஓர் ஏற்றத்தாழ்வு அவ்விலையிலேயே பரிமாறப்பட்டுவிட்டது. இன்றோ, பெயரைத் தொடர்ந்து பண்டமும் மாறி வருகின்றது.

நாகர்கோவில் 2019ஆம் ஆண்டில் மாநகராட்சி ஆயிற்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ இரண்டேகால் இலக்கம் மக்கள் வாழும் நகர். பெருநகரும் அன்று, சிற்றூரும் அன்று. வடசேரிப் பேருந்து நிலையத்திலிருந்து மணிமேடை வரை நடந்து செல்லும் ஒருவர் இருமருங்கும் உள்ள உணவகங்களின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே செல்வாராயின், சீனத்து உணவும் அரபு நாட்டு உணவும் வடநாட்டு உணவும் அவரைக் கூவி அழைக்கும். எல்லாம் இருக்கும். நாஞ்சில் நாட்டு உணவு என்று பெயர் பொறித்து அழைப்பதைத்தான் தேட வேண்டும். அரிதாக ஓரிடத்தில் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் கிடைத்தால், அங்கும் அது 'கப்பா' என்றும் 'கேரளச் சிறப்புணவு' என்றும் பெயர் மாற்றி எழுதப்பட்டிருக்கும். தன் தாய் சமைத்த கிழங்கைத் தன் ஊரிலேயே அயல்நாட்டுப் பண்டமாக விலை கொடுத்து உண்ணும் நிலை தமிழனுக்கு வந்திருக்கின்றது!

இதனைச் சிறுசெய்தி என்று ஒதுக்குவார், அமெரிக்காவில் கறுப்பின மக்கள் செய்து காட்டியதை அறிதல் நன்று. ஆப்பிரிக்காவினின்று விலங்கிட்டுக் கொண்டுசெல்லப்பட்ட அம்மக்கள், தோட்ட முதலாளிமார் கழித்துவிட்ட பன்றியின் காலையும் குடரையும், மக்காச்சோள மாவையும், தம் குடிசைப் புறத்தில் வளர்த்த கீரையையும், ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த வெண்டையையும் காராமணியையும் கொண்டே தமக்கென ஓர் உணவு முறையைப் படைத்துக்கொண்டனர். ஒரு காலத்தில் அவ்வுணவு இழிவின் அடையாளம். 1960களில் உரிமைப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்தபொழுது, அதே உணவுக்கு 'உயிருணவு' என்னும் பொருளில் அவர்கள் மொழியில் ஒரு பெயர் பரவிற்று. கறுப்பிசைக்கும் அதே அடைமொழிதான். இழிவென்று பிறர் சுட்டியதையே உயிர் என்று அவர்கள் பெயரிட்டழைத்தனர்.

பெயரோடு நின்றனரா எனின், இல்லை. தென் கரோலினாவில் 1926இல் பிறந்த சில்வியா உட்சு என்னும் கறுப்பினப் பெண்மணி, நியூயார்க்கு நகரின் ஆர்லம் பகுதியில் ஒரு சிற்றுணவகத்தில் பரிமாறும் பணியாளராக இருந்தவர். 1962இல் அதே உணவகத்தை அவரே விலைக்கு வாங்கினார். அதற்குரிய பணத்திற்காக அவர்தம் தாயார் தம் உழவு நிலத்தை அடகு வைத்தார். சில்வியா 2012இல் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய உணவகம் அதற்குள் உலகறிந்ததாகிவிட்டது. அட்லாண்டா நகரில் பாசுகல் உடன்பிறந்தார் 1947இல் தொடங்கிய உணவகத்தில்தான் மார்ட்டின் லூதர் கிங்கும் அவர்தம் தோழர்களும் பொரித்த கோழியை உண்டுகொண்டே போராட்டத்திற்குத் திட்டம் வகுத்தனர். நியூ ஓர்லியன்சில் 1941இல் தோன்றிய தூக்கி சேசு உணவகத்திலோ, கறுப்பரும் வெள்ளையரும் ஒருங்கிருந்து உண்பதைச் சட்டம் தடுத்திருந்த காலத்திலேயே மாடியில் ஒன்றாக அமர்ந்து உண்டனர். 1960 பிப்பிரவரி முதல் நாள் கிரீன்சுபரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையர்க்கே உரியதென ஒதுக்கப்பட்ட உணவு மேசையில் அமர்ந்து எழ மறுத்ததும் உண்ணும் இடத்தைப் பற்றிய போராட்டமே. உரிமை கேட்டவர்கள் சோற்றிடத்தை விட்டு எங்கே போயினர்?

நாஞ்சில் நாட்டின் வரலாறும் இதனின்று வெகுதொலைவில் இல்லை. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1855இல்தான். தாழ்த்தப்பட்ட பெண்டிர் தம் மார்பை மறைத்துக்கொள்ளும் உரிமைக்கு 1859 வரை போராட வேண்டியிருந்தது. அதே அரசு 'ஊட்டுப்புரை'கள் அமைத்துப் பார்ப்பனர்க்கு இலவயமாகச் சோறு படைத்தது. நாஞ்சில் என்றால் கலப்பை. கலப்பையின் பெயரையே தன் பெயராகக் கொண்ட நாடு, திருவிதாங்கூருக்கே நெற்களஞ்சியமாக விளங்கிற்று. அந்நெல்லை விளைவித்தவன் உண்டது என்ன? கஞ்சி, காணத்துவையல், சுட்ட கருவாடு. நெல்லும் கிட்டாத நாளில் மரச்சீனிக் கிழங்கு. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இக்கிழங்கு, 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் காலத்தில் அரச ஊக்கம் பெற்றுப் பரவிற்று. 1942இல் பர்மா சப்பானியர் கைப்பட்டு, அங்கிருந்து வந்த அரிசி நின்றபொழுது, திருவிதாங்கூரின் ஏழை மக்களை உயிரோடு வைத்திருந்ததும் அதுவே. பனையேறியின் வீட்டில் அக்கானியும் கருப்பட்டியும். கடற்கரையில் சாளையும் நெத்தலியும். இவையே அந்த மண்ணின் உயிருணவு. இன்று பள்ளிக்கு அவித்த கிழங்கைக் கொண்டு செல்லப் பிள்ளை நாணுகின்றது. நாணும்படி ஆக்கிவைத்தவர் பெற்றோரே.

இங்கே ஒரு தடை எழும். அவியலும் தீயலும் துவரனும் எரிசேரியும் மலையாள உணவல்லவா, தமிழ் இயக்கத்தார் அவற்றைத் தூக்கிப்பிடிப்பது எங்ஙனம் என்பர் சிலர். சொல்லை உற்றுநோக்கின் ஐயம் அகலும். அவிப்பது அவியல். தேங்காயைத் தீயும் பதம் வரை வறுத்தரைத்துப் புளியிட்டுக் காய்ச்சுவது தீயல். துவர்தல் என்பது உலர்தல். நீர் வற்றத் துவரவிட்டுத் தேங்காய்ப்பூ இட்டு இறக்குவது துவரன். நாகர்கோவிலில் தலை துவட்டும் துண்டுக்குத் 'துவர்த்து' என்றே பெயர். மற்றைத் தமிழ்நாட்டார் கேட்டு வியக்கும் சொல் அது. இவை சேரநாடு தமிழ்நாடாக இருந்த காலத்தின் எச்சங்கள். மலையாளத்தார் 'தோரன்' என்று திரித்து வழங்குவதைக் கண்டு, திரியாத வடிவை வைத்திருக்கும் நாஞ்சில் தமிழன் அதனைத் தனதன்று என்று கைகழுவுவது பேதைமையினும் பேதைமை. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் 1954 ஆகசுட்டு 11ஆம் நாள் துப்பாக்கிக் குண்டுக்கு மார்பு காட்டி, 1956 நவம்பர் முதல் நாள் நான்கு வட்டங்களைத் தாய்த்தமிழகத்தோடு இணைத்த மக்கள், நிலத்தை மீட்டனர். அடுக்களையை மீட்க மறந்தனர். தோவாளையும் அகத்தீசுவரமும் கல்குளமும் விளவங்கோடும் தமிழ்நாடு ஆயின. அங்கு வெந்த தீயல் மட்டும் கேரள உணவாகவே நின்றுவிட்டது.

கிழங்கும் மீனும் கேரளப் பெயர் பெற்றதற்கு ஒரு வெளிப்படையான காரணமும் உண்டு. அங்கே கள்ளுக்கடைகள் திறந்திருக்கின்றன. கள்ளோடு கிழங்கும் மீனும் விற்கின்றன. சுற்றுலாத் துறை அதனை உலகறிய விளம்பரப்படுத்துகின்றது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. கள்ளுக்கடை போனபொழுது அதனை அண்டியிருந்த கறிக்கடையும் போயிற்று. கள் வேண்டுமா வேண்டாவா என்பது வேறு வழக்கு. கிழங்குக்கும் மீனுக்கும் தடையில்லையே!

கடிந்து கூற வேண்டியது இயக்கத்தாரையும்தான். தனித்தமிழ்ப் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு, உள்ளே பிற ஊர்களில் கிடைக்கும் அதே பண்டங்களை விற்பது ஒரு வகை. தமிழர் உணவு என்றால் மரக்கறி உணவே என்று கருதி, வெள்ளாளர் வீட்டு மணவிருந்தோடு நாஞ்சில் நாட்டு உணவை முடித்துவிடுவது மற்றொரு வகை. அவ்விருந்து சுவையில் குறைந்ததன்று. ஆனால் அது நாட்டின் ஒரு பகுதியே. பெரும்பாணாற்றுப்படையைப் பயின்றோர் இதனை அறிவர். எயினர் குடியில் ஓர் உணவு, ஆயர் குடியில் ஓர் உணவு, உழவர் குடியில் ஓர் உணவு, வலைஞர் குடியில் ஓர் உணவு என்று பாணனுக்கு வழிநெடுக நிலந்தோறும் இலை விரிகின்றது. கூவியர் சுட்ட அப்பமும் அதிலுண்டு. மலையும் காடும் வயலும் கடலும் ஒரே மாவட்டத்தில் அடங்கிய குமரியில் ஓர் உணவகம் வைப்பவன் இவற்றுள் ஒன்றை மட்டும் தமிழ் என்று எப்படிச் சொல்வான்?

மேலும், நாட்டு மக்கள் வாயில் வழங்கும் சொல் இருக்கப் புதுச்சொல் ஆக்குவதும் வேண்டா வேலை. ஆக்க வேண்டிய இடம் சிலவே. நாகர்கோவிலின் பெயர்போன 'ரசவடை'யைச் சாற்றுவடை என்றால் எவர்க்கும் விளங்கும், சுவையும் குன்றாது. தென் அமெரிக்கக் கிழங்குக்கு மரவள்ளி என்று பெயரிட்ட மக்களுக்குச் சொல்லாக்கம் கற்பிக்கத் தேவையில்லை. ஆங்கிலேயனே கறியையும் கஞ்சியையும் அவ்வப் பெயராலேயே கொண்டுபோனான். மிளகுத்தண்ணீரைத் தன் நாவுக்கேற்பச் சிதைத்தாயினும் தன் உணவுப் பட்டியலில் ஏற்றினான்.

இனி, தொழில் பற்றியும் சில கூற வேண்டும். உணர்ச்சி அடுப்பை எரிக்காது. இவ்வுணவை அறிந்தவர் வீட்டுப் பெண்டிரே. உணவகச் சமையற்காரர் அல்லர். ஆகவே, கல்குளத்து உழவர் வீட்டிலிருந்தும் குளச்சல், முட்டம் மீனவர் வீட்டிலிருந்தும் பனையேறும் குடும்பங்களிலிருந்தும் பெண்டிரை அழைத்துக் கூலியாளாக வைக்காமல், ஊதியத்தில் பங்கு தந்து கூட்டாளியாக்குதல் வேண்டும். மீனுக்குக் குமரியினும் ஏற்ற இடம் இல்லை. கீழைக்கடலில் விசைப்படகுகளுக்கு ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை தடை. மேலைக்கடலில் சூன் முதல் நாளிலிருந்து சூலை 31 வரை தடை. இரு கடலையும் உடைய மாவட்டமாதலின், இரண்டும் ஒருங்கே அடைபடுவது சூன் முதல் இரு கிழமையே. அப்பொழுதும் நாட்டுப்படகுகள் செல்லும். அக்கானி அத்தகையது அன்று. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினாலும் சில மணிநேரத்திற்குமேல் தாங்காது. பனையேறும் பருவத்தில், காலையில் மட்டும், முடிந்தால் முடிந்தது என்று விற்க வேண்டிய பொருள் அது. அரிசி, தடித்த சிவப்புச் சம்பாவாகவே இருக்கட்டும். நாஞ்சில் வயல்கள் வீட்டுமனைகளாகி வரும் நாளில், அவ்வரிசியை நாள்தோறும் வாங்கும் ஓர் உணவகம் சில உழவர்க்கேனும் கலப்பையைக் கீழே வைக்காதிருக்க ஒரு காரணமாகும். பழத்திற்கு மட்டி இருக்கின்றது. 2023இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது.

விலை, நாட்கூலி பெறுவான் உண்ணத்தக்கதாக இருத்தல் வேண்டும். பழைமையைக் காட்சிப்பொருளாக்கி, மண்சட்டிக்கு ஒரு விலையும் வாழையிலைக்கு ஒரு விலையும் வைக்கும் பகட்டு உணவகங்கள் சென்னையில் போதிய அளவு உள்ளன. கஞ்சி குடித்தவன் நுழைய முடியாத கஞ்சிக்கடை எதற்கு?

எஞ்சியது பெயர்ப்பலகை. 1957இல் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்னும் ஒரு சொல்லை அகற்றப் பெரியார் போராட்டம் தொடங்கினார். நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றனர். ஒரு சொல் அத்துணை வலியது. கடைப் பலகையில் தமிழே முதலிடத்தில் பெரிதாக இருத்தல் வேண்டும் என்று தமிழ்நாட்டரசின் விதியும் இருக்கின்றது. அதனை மதியாத கடைகளை எண்ணத் தொடங்கினால் மணிமேடையைக் கடக்குமுன் பொழுது சாய்ந்துவிடும். புதிய உணவகத்தார் விதிக்கு அஞ்சி எழுத வேண்டியதில்லை. உள்ளே தொங்கும் விலைப்பட்டியலில் தீயல், துவரன், காணத்துவையல், கிழங்கும் மீனும் என்று எழுதிவைத்தால் போதும். 'இஃது என்ன பண்டம்?' என்று கேட்க நாகர்கோவிலில் இன்னும் எவரும் இலர்.