பேய்க்கதை எழுதப் போறீங்களா? முதல்ல கேஸ் ஷீட் எழுதுங்க

கொஞ்சம் நீளமான த்ரெட். டெங்கு, சுகர், பி.பி. பற்றி இல்லை. இன்றைக்குப் பேய் பற்றி.

மூணு வருஷமா ஒரு பேய் நாவல் எழுதிட்டு இருக்கேன். "பி.ஜி. என்ட்ரன்ஸுக்குப் படிக்கிற நேரத்துல இது தேவையா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நாற்பது பக்கம் எழுதினேன். போன வருஷம் அத்தனையையும் கிழித்துப் போட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

1897ல் வெளியான 'டிராகுலா' என்றதும் எல்லாருக்கும் கோட்டை, வௌவால், ரத்தம் ஞாபகம் வரும். எனக்கு அது ஒரு பெரிய கேஸ் ஷீட். முழு நாவலும் டைரி, கடிதம், தந்தி, பத்திரிகைச் செய்தி என்றுதான் நகரும். கதை சொல்கிறவர்களில் ஒருவர் மனநலக் காப்பகம் நடத்துகிற டாக்டர்.

பிராம் ஸ்டோக்கர் 1890லேயே இதற்குக் குறிப்பெடுக்க ஆரம்பித்துவிட்டார். அந்தத் தாள்கள் இன்றும் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எந்தத் தேதியில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று காலண்டர் போட்டிருக்கிறார். ரயில் நேரம் வரை குறித்திருக்கிறார். வில்லனுக்கு முதலில் வைத்த பெயர் 'வாம்பிர்'. விட்பி என்ற கடலோர ஊருக்கு லீவில் போனபோது, அங்கே நூலகத்தில் ஒரு பழைய வரலாற்றுப் புத்தகத்தில் 'டிராகுலா' என்ற பெயரைப் பார்த்து மாற்றிக்கொண்டார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேற. அவருடைய அண்ணன் தார்ன்லி ஒரு சர்ஜன். நாவலில் ஒரு நோயாளிக்கு மண்டை உடைகிற காட்சி வருகிறது. அதற்காக அண்ணனிடம் தலைக்காயம் பற்றிப் படத்தோடு குறிப்பு எழுதி வாங்கி வைத்திருக்கிறார். ரத்தக்காட்டேரி கதைக்கு நியூரோசர்ஜரி ஒப்பீனியன்!

(ஒரு சின்ன குசும்பு: அதே நாவலில் லூசிக்கு நாலு ஆண்கள் மாற்றி மாற்றி ரத்தம் கொடுப்பார்கள். குரூப்பிங்கும் கிடையாது, கிராஸ் மேட்சும் கிடையாது. பாவம், ரத்த வகைகளை லேண்ட்ஸ்டைனர் எழுதி வெளியிட்டதே 1901ல்தான். லூசி செத்தது காட்டேரியாலயா, ரத்தம் ஒத்துக்காமலா என்று எங்க ஹாஸ்டலில் சண்டையே நடந்திருக்கு.)

கவனிச்சுப் பாருங்க. லூசி வெளிறிப் போனதும் முதலில் டாக்டரைத்தான் கூப்பிடுகிறார்கள். 1971ல் வந்த 'எக்ஸார்சிஸ்ட்' நாவலிலும் அந்த அம்மா முதலில் போவது டாக்டர்களிடம்தான். அப்புறம் வருகிற பாதிரியாரே ஒரு மனநல மருத்துவர். எல்லா டெஸ்டும் எடுத்து முடித்து, இனி போக இடமில்லை என்ற பிறகுதான் வாசகனுக்கு நடுக்கம் வருகிறது.

நம்ம கதைகளில்? பொண்ணு முடியை விரிச்சுப் போட்டுக் குரல் மாறிப் பேசுவா. அடுத்த சீன் வேப்பிலை. நடுவுல ஒரு டாக்டர் வந்தாலும், "மெடிக்கல் சயின்ஸ்ல இதுக்குப் பதிலே இல்லை" என்று கண்ணாடியைக் கழற்றிட்டுப் போயிடுவார். என்னுடைய நாற்பது பக்கமும் அதே லட்சணம்தான். பெண்கள் வார்டு, கடைசி பெட், நள்ளிரவில் ஆண் குரலில் பேசும் ஒரு பெண்.

அந்த நேரத்தில்தான் ஒரு நைட் டூட்டியில், வலிப்போடு ஒரு பெண்ணைக் கொண்டு வந்தார்கள். இருபது வயசு இருக்கும். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) வலிப்பை நிறுத்தி, மூச்சைச் சரிபண்ணிய பிறகு அவங்க அம்மாவிடம் கேட்டேன்.

"எத்தனை நாளாம்மா இப்படி?"

"ஒம்பது நாளு சார். மொதல்ல தலவலின்னா, காச்சல்னா. அப்புறம் தூக்கமே இல்ல. சம்பந்தமில்லாம பேசினா, தம்பிய அடிச்சா. காத்துன்னு சொன்னாங்க சார், அதான் மந்திரிக்கக் கூட்டிட்டுப் போனோம்."

மணிக்கட்டில் கயிறு கட்டிய தழும்பு இருந்தது.

108ல் ஏற்றி மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம். அங்கே கண்டுபிடித்தது ஆட்டோ இம்யூன் என்கெஃபலைட்டிஸ். நம்ம உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்குவது. அவளுக்கு வந்த வகைக்கு 2007ல்தான் பெயரே வைத்தார்கள். இளம்பெண்கள் சிலருக்கு சினைப்பையில் இருக்கிற ஒரு கட்டியிலிருந்து இது கிளம்பும். இவளுக்கும் அதுதான். கட்டியை எடுத்து, ஸ்டீராய்டு கொடுத்து, பல வாரம் ஐ.சி.யு.வில் வைத்திருந்து மீட்டார்கள்.

ஆறு மாசம் கழித்து ஓ.பி.க்கு வந்தாள். அந்த நாட்கள் எதுவும் அவளுக்கு ஞாபகம் இல்லை. கை தழும்பைக் காட்டி, "இது எப்படி சார் வந்துச்சு? வீட்டுல யாரும் சொல்ல மாட்றாங்க" என்றாள்.

அன்றைக்கு ராத்திரிதான் கிழித்தேன்.

2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. சங்கிலியில் கட்டி வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் செத்தார்கள். அங்கே கட்டினவர்கள் யாரும் பேய் நாவல் படித்துவிட்டுக் கட்டவில்லை, தெரியும். ஆனால் "குரல் மாறினா பேய்" என்ற பாடத்தை நாங்கள் எழுதும் ஒவ்வொரு கதையும் இன்னொரு தடவை நடத்துகிறது. மூளைக்காய்ச்சல், ரேபிஸ், பிரசவத்துக்குப் பின் வரும் மனநோய் எல்லாமே அந்தப் பாடத்தில் பேய்தான். வீட்டில் யாராவது திடீர்னு ஆளே மாறிப் பேசினால், அதிலும் ஜுரத்தோடு என்றால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. கோயிலோ தர்காவோ சர்ச்சோ, அப்புறம் போய்க்கலாம்.

"அப்போ பேய்க்கதையே எழுதக்கூடாதா டாக்டர்?" தாராளமா எழுதுங்க. நானும் விடலையே. புது நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு விதி எழுதி வைத்திருக்கிறேன்: நோய் செய்கிற எதையும் என் பேய் செய்யக்கூடாது. ஜுரம், வலிப்பு, குரல் மாற்றம், வெறித்த பார்வை, எதுவும் கிடையாது. அமுக்குவான் பேயும் அவுட். கனவு வரும் தூக்கத்தில் உடம்பு அசையாமல் இருக்கும், அதற்குள் மூளை மட்டும் முழித்துக்கொண்டால் அதுதான் அமுக்குவான். டூட்டி ரூம் கட்டிலில் எனக்கே நாலைந்து தடவை வந்திருக்கு.

இந்த விதி போட்டதும் தெரிந்தது, என் சரக்கில் முக்கால்வாசி காலி. மிச்சம் இருப்பதை வைத்து யோசிக்க வேண்டியதாகிவிட்டது. விடிகாலை இறப்பு என்று என் கையாலேயே ரிஜிஸ்டரில் எழுதிய ஒருவரின் பெயரில், மறுநாள் காலை ஓ.பி. சீட்டு. வயசு, ஊர் எல்லாம் சரி. பி.பி. நார்மல், ஈ.சி.ஜி. நார்மல். அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "நேத்து குடுத்த மாத்திரையே எழுதிக் குடுங்க சார்."

ஸ்டோக்கர் மாதிரி காலண்டர் போட்டாச்சு. டூட்டி ரோஸ்டரையே எடுத்து வைத்துக்கொண்டேன், எந்த ராத்திரி யார் டூட்டி என்று அதில் இருக்கு. மூணு அத்தியாயம் முடிஞ்சிருக்கு. எங்க ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தருக்குப் படிக்கக் கொடுத்தேன். மறுநாள் வந்து, "சார், இனிமே ரிஜிஸ்டரை நீங்களே எழுதிக்கோங்க" என்று சொல்லிட்டாங்க.