செருப்பு செய்தியாச்சு, தண்ணி செய்தியாகலை



நியூஸ் சேனலை நம்பலாமா? ஊரு காயும்போது ஐபிஎல் பார்க்கிறது தப்பா? வாட்ஸ்அப்ல வர்றதைப் பகிரலாமா? பேசும் இடமெல்லாம் இந்த மூணு கேள்வியும் வருது. மூணுக்கும் பதில் ஒண்ணுதான். அதைத்தான் இந்தப் பதிவு சொல்லப் போகுது.

இதை எழுதுபவருக்குப் பிழைப்பு மார்க்கெட்டிங். எந்த விளம்பரம் எந்த நேரத்துல எந்த நிகழ்ச்சிக்கு நடுவுல வரணும்னு கணக்குப் போடுறதுதான் வேலை. ஆக, இது கடைக்கு வெளியே நின்னு திட்டுற பேச்சு இல்லை. கடைக்குள்ள உட்கார்ந்து பேசுற பேச்சு.

இந்தக் கடையில் விற்கப்படுவது செய்தியோ கிரிக்கெட்டோ இல்லை, தோழர்களே. உங்கள் கண். நீங்க ஒரு திரையை எத்தனை நொடி பார்க்கிறீங்க என்பதுதான் சரக்கு. 2018 முதல் 2022 வரை ஐந்து வருஷ ஐபிஎல் ஒளிபரப்பு உரிமைக்கு ஸ்டார் நிறுவனம் கொடுத்த விலை 16,347.5 கோடி ரூபாய். அடுத்த ஐந்து வருஷத்துக்கு, அதாவது 2023 முதல் 2027 வரைக்கும், அதே உரிமை 48,390 கோடிக்குப் போச்சு. ஆட்டத்தில் பந்தும் மட்டையும் மாறலை. உங்க கண்ணுக்கான விலைதான் ஏறியிருக்கு.

செய்திச் சேனலும் அதே சந்தையில்தான் நிக்குது. பார்க் அமைப்பு வாராவாரம் வெளியிடுற ரேட்டிங்கை வெச்சுத்தான் விளம்பரப் பணம் வரும். 2020 அக்டோபர்ல செய்திச் சேனல்களுக்கான ரேட்டிங்கை நிறுத்தி வெச்சாங்க. 2022 மார்ச் வரைக்கும், கிட்டத்தட்ட 17 மாசம், அது வரவே இல்லை. அந்த 17 மாசத்துல ராத்திரி எட்டு மணி விவாதத்தில் சத்தம் குறைஞ்சதா? குறையலை. ஆளு பார்க்க வைக்கிற பழக்கம் அவ்வளவு ஊறிப்போச்சு.

இதுல நம்ம தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் என்ன நடக்குதுன்னு பார்க்க, 2018-ஆம் வருஷம் ஒண்ணே போதும்.

2018 பிப்ரவரி 16. காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. நடுவர் மன்றம் 2007-ல் தமிழ்நாட்டுக்குக் கொடுத்த 192 டிஎம்சி, 177.25 டிஎம்சியாகக் குறைந்தது. குறைந்த 14.75 டிஎம்சி பற்றி எல்லாச் சேனலும் பேசியது. அந்தக் குறைப்புக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒண்ணு டெல்டாவின் நிலத்தடி நீர். அதில் 10 டிஎம்சி எடுத்துக்கலாம்னு நீதிமன்றம் கணக்கில் வெச்சது. வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் போர் போட்டா என்ன தண்ணி வரும்னு உங்களுக்குத் தெரியும். வாயில வைக்க முடியாத உப்புத் தண்ணி. அந்த 10 டிஎம்சி பத்தி எத்தனை விவாதம் பார்த்தீங்க?

தீர்ப்பைச் செயல்படுத்த ஆறு வாரம் கெடு. மார்ச் 29-ல் கெடு முடிஞ்சது. வாரியமும் வரலை, ஆணையமும் வரலை. தீர்ப்பில் இருக்கிற "ஸ்கீம்" என்ற ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம்னு விளக்கம் கேட்டு மத்திய அரசு நீதிமன்றத்துக்கே திரும்பப் போனது. குறுவைக்கு விதை நெல் எடுக்கலாமா வேண்டாமான்னு விவசாயி நிக்கிறான். டெல்லியில் ஒரு சொல்லுக்கு அகராதி தேடுறாங்க.

அந்த நேரத்தில்தான் ஏப்ரல் 10. ரெண்டு வருஷத் தடை முடிந்து திரும்பி வந்த சென்னை சூப்பர் கிங்ஸ், சேப்பாக்கத்தில் கொல்கத்தாவுடன் ஆடிய ஆட்டம். வெளியே போராட்டம். மைதானத்துக்குள்ளே செருப்பு பறந்தது. ரஸ்ஸல் 36 பந்தில் 88 அடிச்சார். கடைசி ஓவரில் ஒரு பந்து மிச்சம் இருக்க, ஜடேஜா சிக்ஸர் அடிச்சு சென்னை ஜெயிச்சது. மறுநாளே, மிச்சம் இருந்த ஆறு ஆட்டமும் புனேவுக்குப் போகுதுன்னு அறிவிப்பு. ரசிகர்களை ஏத்திக்கிட்டு விசில்போடு எக்ஸ்பிரஸ்னு ஒரு சிறப்பு ரயிலே புனேவுக்கு ஓடியது.

ஒரு மார்க்கெட்டிங் ஆளா சொல்றேன். அந்த ராத்திரி இந்தியா முழுக்கக் கண்கள் சேப்பாக்கத்தில் இருந்தது. காவிரி என்ற பேர் அத்தனை திரையிலும் வந்தது. போராட்டக்காரர்கள் கேட்டது கிடைச்சது, கவனம். ஆனா அந்தக் கவனம் எதன் மேல் நின்னது? செருப்பின் மேல். யார் வீசினது, எந்தக் கட்சி, எத்தனை போலீஸ், ரசிகரை அடிச்சது சரியா, ஆட்டம் எந்த ஊருக்குப் போகுது, இதுதான் அடுத்த ஒரு வாரப் பேச்சு. டிக்கெட் வாங்கி வந்த ரசிகரை அடிச்சது தப்பு; அதில் நமக்கு ரெண்டு கருத்து இல்லை. அதைவிடப் பெரிய நஷ்டம், "ஸ்கீம்னா என்ன, எப்ப வரும்?" என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிப் போனது.

மே 18-ல் உச்ச நீதிமன்றம் வரைவுத் திட்டத்தை ஏற்றது. மே 27-ல் மும்பையில் வாட்சன் 117 அடிக்க, சென்னை கோப்பையைத் தூக்கியது. ஜூன் 1-ல் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அரசிதழில் வந்தது. அஞ்சே நாள் இடைவெளி. உங்க போனில் இந்த ரெண்டில் எது எத்தனை முறை வந்ததுன்னு நீங்களே யோசிங்க. கோப்பையைக் கொண்டாடினதைக் குறை சொல்லலை, நாமும்தான் விசில் அடிச்சோம். டெல்டாவின் தலையெழுத்தை முடிவு செய்கிற அந்த அரசிதழை எத்தனை பேர் திறந்து பார்த்தோம் என்பதுதான் கேள்வி.

அந்த வருஷம் ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கலை. அணையில் தண்ணி இல்லை. அப்புறம் மழை பெய்து ஜூலை 19-ல் திறந்தாங்க, நாலே நாளில் அணை 120 அடி நிரம்பியது. நிரம்பிய அணை அழகான படம்; எல்லாரும் பகிர்ந்தோம். ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்து ஷட்டர்கள் ஒன்பது உடைஞ்சு போச்சு. 1836-ல் கட்டின அணை. உடைஞ்ச மதகும் நல்ல படம், அதையும் பகிர்ந்தோம். ஆனா ஆறு நிறையத் தண்ணி கடலுக்குப் போகும்போது, கடைமடை வாய்க்கால் ஏன் காய்ஞ்சு கிடந்தது? தூர்வாரின கணக்கு என்ன? இதுக்குப் படம் கிடையாது. படம் இல்லாத செய்திக்குச் சந்தையில் விலை கிடையாது.

நவம்பர் 16 விடியற்காலை கஜா. நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை கடந்தது. முதல் நாள் செய்தி என்ன தெரியுமா? முன்னேற்பாடு நல்லா இருந்தது என்ற பாராட்டு. பட்டுக்கோட்டையிலும் பேராவூரணியிலும் ஒரத்தநாட்டிலும் தென்னந்தோப்பு தரையோடு படுத்துக் கிடந்த நேரம் அது. ஏன் தெரியலை? கரண்டு இல்லை, டவர் இல்லை. அதிகமா அடிபட்டவன் போனில்தான் சார்ஜ் இல்லை. அவன் குரல் வந்து சேர நாளாச்சு. அமைதியா இருக்கிற ஊர் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லை, தோழர்களே. திரையில் ஒண்ணும் வரலைன்னா, அங்கே பேச முடியாத நிலைமை இருக்கலாம்.

அதே 2018-ல் இன்னொண்ணும் நடந்தது. மே மாசம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குழந்தை கடத்துறவங்க சுத்துறாங்கன்னு வாட்ஸ்அப்பில் பரவின வதந்தி. கோயிலைத் தேடி வந்த ஒரு மூதாட்டியை ஊரே கூடி அடிச்சுக் கொன்னது. நாடு முழுக்க இப்படிப் பல சாவுகள். ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு நேரத்தில் அஞ்சு பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு போட்டது. "எதுக்கும் இருக்கட்டும்னு அனுப்பி வெச்சேன்" என்ற ஒரு வார்த்தைக்கு ஒரு உயிர் விலை போனது. பகிர்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்கன்னு நாம் திரும்பத் திரும்பச் சொல்றது அதனால்தான்.

சரி, அப்போ டெல்டா எப்பவும் தோத்துக்கிட்டே இருக்குமா? இல்லை. 2023 ஏப்ரலைப் பாருங்க.

மார்ச் கடைசியில் மத்திய நிலக்கரி அமைச்சகம் ஒரு ஏல அறிவிப்பு விட்டது. நாடு முழுக்க உள்ள இடங்களின் நீண்ட பட்டியல். அதில் நம்ம பக்கத்துப் பேர் மூணு இருந்தது: தஞ்சை மாவட்டம் வடசேரி, அரியலூர் மாவட்டம் மைக்கேல்பட்டி, கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கு. 2020-லேயே டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமா அறிவிச்சுச் சட்டம் போட்டாச்சு. அப்புறமும் பட்டியலில் பேர்.

அந்த வாரமும் ஐபிஎல் வாரம்தான். ஏப்ரல் 3-ல் கிட்டத்தட்ட நாலு வருஷம் கழிச்சு சென்னை அணி சேப்பாக்கத்தில் ஆடியது. ஊரே மஞ்சள். ஆனா இந்த முறை யாரும் செருப்பு எடுக்கலை, ஆட்டத்தை நிறுத்தச் சொல்லலை. பட்டியலைத்தான் எடுத்தாங்க. ஊர்ப் பேர், தாலுகா பேர், சட்டத்தின் பேர், மூணையும் பக்கத்தில் பக்கத்தில் வெச்சாங்க. சட்டமன்றத்தில் கட்சி வித்தியாசம் இல்லாமல் எதிர்ப்பு வந்தது. ஏப்ரல் 8-ல் அந்த மூணு இடமும் ஏலத்திலிருந்து நீக்கப்படுதுன்னு மத்திய அமைச்சர் அறிவிச்சார். பத்து நாள் சொச்சத்தில் முடிஞ்ச கதை. கிரிக்கெட் பார்த்தவனும் அதைப் பகிர்ந்தான், வயலில் நின்னவனும் பகிர்ந்தான்.

2018-க்கும் 2023-க்கும் என்ன வித்தியாசம்? ஒண்ணில் கோபத்துக்குப் படம் இருந்தது, கேள்வி கரைஞ்சு போச்சு. இன்னொண்ணில் கையில் காகிதம் இருந்தது, கேள்வி கூர்மையா நின்னது. "டெல்டாவை அழிக்காதே" என்ற கோஷத்துக்கு எவனும் பதில் சொல்ல வேண்டியதில்லை. "வடசேரி ஏன் பட்டியலில் இருக்கு?" என்று கேட்டா யாராவது ஒருத்தர் பதில் சொல்லியே ஆகணும்.

ஆகவே தோழர்களே, உங்க கண்ணும் உங்க கட்டைவிரலும்தான் இன்றைக்கு நம்ம ஆயுதம். அதை எப்படிப் பயன்படுத்தணும்?

ஒன்று. ஊர், தேதி, எண்ணிக்கை மூணும் இல்லாமல் எதையும் பதிவிடாதீங்க. "விவசாயி அழுகிறான்" என்பது பதிவு இல்லை. எந்தத் தாலுகா, எந்த வாய்க்கால், எத்தனை நாளாத் தண்ணி வரலை, அதுதான் பதிவு. கொள்முதல் நிலையம்னா எந்த ஊர் நிலையம், எத்தனை சிப்பம் வெளியே மழையில் கிடக்குது, 17 சதவீத ஈரப்பதம்னு சொல்லித் திருப்பி அனுப்பினாங்களா, எழுதுங்க.

இரண்டு. வெடிச்ச வயல் படம் வந்தா, எந்த வருஷம், எந்த மாநிலம்னு பாருங்க. ஒரு பழைய படம் மாட்டினா போதும், நாம் சொன்ன பத்து உண்மையும் பொய்யாகிப் போகும். எதிராளிக்கு அதைவிட நல்ல பரிசு கிடையாது.

மூன்று. ரசிகர் சண்டைக்கு விவசாயியை இழுக்காதீங்க. மேட்ச் பார்க்கிறவன் துரோகி இல்லை. ராத்திரி மடை பார்க்கப் போற நம்ம தம்பியும் வரப்பில் நின்னு ஸ்கோர் பார்க்கிறான். அவன் நம்ம ஆள். அவனைத் திட்டி ஒரு ஓட்டும் வராது, ஒரு டிஎம்சியும் வராது.

நான்கு. ரெண்டாவது வாரமும் கேளுங்க. எந்தப் பரபரப்பும் ஏழு நாளில் அடங்கிடும்னு அதிகாரிக்கும் தெரியும், சேனலுக்கும் தெரியும். எட்டாவது நாள் கேட்கிறவனைப் பார்த்துத்தான் பயப்படுவாங்க. மாசாமாசம் கலெக்டர் ஆபீஸில் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்குது. போடுற பதிவை மனுவாகவும் எழுதி அங்கே கொடுங்க. வாங்கின ரசீதைப் படம் எடுத்துப் போடுங்க.

விளம்பரக்காரனுக்கு உங்க கண் ஒரு நொடிக்கு இத்தனை பைசா. தலைமடைக்காரன் மடையை அடைக்கலைன்னா கடைமடைக்குத் தண்ணி வராது என்பது நமக்குப் பிறவியிலேயே தெரிஞ்ச பாடம். கவனமும் அப்படித்தான். சென்னையிலும் மும்பையிலும் டெல்லியிலும் அது பாய்ஞ்சு தீர்ந்துட்டா, பேராவூரணிக்கு வராது. முறை வெச்சுத் திருப்பி விடணும். அந்த மண்வெட்டி உங்க கையில் இருக்கு.

மேட்ச் பாருங்க. விசில் அடிங்க. விளம்பரம் ஓடுற அந்த ரெண்டு நிமிஷத்தில் உங்க ஊர் வாய்க்காலைப் பத்தி ஒரு பதிவு போடுங்க. ஊர் பேரோட, தேதியோட.

உழவர் வெல்க! காவிரி வாழ்க!

#டெல்டா #காவிரி #ஊர்ப்பேரோடு_எழுது