கடுக்காய்க்கு உரியவன் யார்?

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்கிப் பிழைக்கும் மலையாளிகள் என்னும் பழங்குடி மக்களைப் பற்றி இரண்டொரு வார்த்தை எழுத ஆசைப்படுகிறோம். கடுக்காய் தோல் பதனிடும் சாலைக்கும் போகிறது. திரிபலா சூரணம் செய்யும் கம்பெனிக்கும் போகிறது. டப்பாவின் மேல் யாருடைய பெயர் இருக்கிறது? ரிஷியின் பெயர், அல்லது சித்தரின் பெயர், அல்லது முதலாளியின் பெயர். மரத்தை உலுக்கியவன் பெயர் மாத்திரம் இல்லை.

நாடு சுயராஜ்யம் பெற்று 29 வருஷம் சென்ற பிறகே, 1976-ல், இம்மலையில் ஜாகீர்தார் ஆட்சி ஒழிந்தது. ஜாகீர்தார் போனார், தரகர் போனாரா?

2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம், சிறு வன மகசூல் பரம்பரையாகப் பொறுக்கி வருகிறவனுக்கே சொந்தம் என்கிறது. 2002-ம் வருஷத்து உயிரியற் பன்மைச் சட்டம், லாபத்தில் நியாயமான பங்கு கொடு என்றது. "நாங்கள் சுதேசிக் கம்பெனி, ஏன் கொடுக்கவேண்டும்?" என்று திவ்யா பார்மசியார் வழக்காடினார்கள். சுதேசியானாலும் கொடுக்கத்தான் வேண்டும் என்று 2018-ல் உத்தரகண்ட் ஹைக்கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. பிறகு நடந்ததென்ன? 2023-ல் சட்டமே திருத்தப்பட்டது. ஏட்டில் ஏறிய பாரம்பரிய அறிவுக்கும், பயிரிட்ட மூலிகைக்கும் விலக்காம்!

ஏட்டில் ஏற்றியவன் யார்? காட்டிலே கண்டு, தின்று பார்த்து, பிழைத்தும் செத்தும் அறிந்தவன் ஒருவன். அதைச் சுவடியில் எழுதிக்கொண்டு "முனிவர் அருளினார்" என்றவன் மற்றொருவன். சுவடி இருப்பதால் பங்கு இல்லையென்றால், "சாஸ்திரத்தில் இருக்கிறது" என்று வாயை அடைத்த பழைய புரட்டுக்கும் இதற்கும் என்ன பேதம்?

மலைமக்கள் சொல்வதெல்லாம் மருந்து என்பது நமது வாதமல்ல. கண்வலிக்கிழங்கு அளவு மிஞ்சினால் ஆளைக் கொல்லும். அதிலுள்ள கால்சிசினே அளவோடு கொடுத்தால் மூட்டுவாதத்தில் ஒரு வகைக்கு மருந்தாகிறது. அந்த அளவைச் சொல்ல வேண்டியது சோதனைச்சாலையே ஒழிய, சித்தர் ரகசியமல்ல.

ஆகவே தோழர்களே! சோதனை விஞ்ஞானத்தினுடையது, பங்கு உழைத்தவனுடையது. எவ்வளவு எடை வாங்கப்பட்டது, என்ன விலை கொடுக்கப்பட்டது என்ற கணக்கைக் கிராம சபையில் எல்லோர் காதிலும் விழும்படி படிக்கச் சொல்லுங்கள். இது பிச்சை கேட்பதல்ல. சொந்தப் பொருளுக்குக் கணக்குக் கேட்பதாகும்.